மாடி அறையின் சாவி: சுங்கை சிப்புட் கூட்டுறவுச் சங்க நிர்வாகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா, செயலாளர் அண்ணன், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு போன வாரம் வீட்டுக்கு வந்தது. அப்பா இறந்த பிறகு பங்கு அம்மா பெயருக்கு மாறியது உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு எழுத்து சரியாகத் தெரிவதில்லை என்பதால் நான்தான் வாசித்துச் சொன்னேன். நிகழ்ச்சி நிரலில் ஆறாவது: "சங்கக் கட்டடத்தின் மேல்மாடியை நீண்டகாலக் குத்தகைக்கு விடுதல்." யாருக்கு என்று போடவில்லை. கட்டடத்துக்குள் குருவிகளைக் குடியேற்றி, சூப்புக்கு விற்கும் பறவைக்கூடு எடுக்கும் தொழில் செய்பவர் ஒருவர் கேட்டிருப்பதாகச் சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். நல்ல வாடகை தருவாராம்.

அந்த ஆறாவது அம்சத்தை இந்த ஆண்டு ஒத்திவையுங்கள், இணையம் வழியாக வெளிநாட்டு வேலை செய்பவர்கள் சேர்ந்து உட்கார அந்த மாடியை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். நேரில் வந்தும் சொல்லலாம். ஆனால் உறுப்பினர்களும் அவர்கள் பிள்ளைகளும் படித்துவிட்டுக் கூட்டத்துக்கு வர வேண்டும் என்று நினைப்பதால் திறந்த மடலாக எழுதுகிறேன்.

என்னைத் தெரியாத இளையவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் மலேசியத் தோட்டம் ஒன்றில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவரின் மகள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, கணக்கியலில் டிப்ளோமா முடித்து, ஈப்போவில் ஒரு கணக்குப்பிள்ளை அலுவலகத்தில் பதினான்கு வருடம் வேலை பார்த்தேன். 2019 முதல் சுங்கை சிப்புட்டில் என் வீட்டிலிருந்தே, ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துச் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஒரு பேக்கரி, இரண்டு கார் பட்டறை, ஒரு பல் மருத்துவர், குழாய் வேலை செய்யும் அண்ணன் தம்பி இருவர். அவர்களில் யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை.

இது ஏதோ புதிதாக முளைத்த அதிசயம் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் ஊர் பிறந்ததே இப்படித்தான்.

என் தாத்தா காலத்துத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், பேர் கூப்பிடுவார். பாலை எடை போட்டதும் ஆளாளுக்கு எழுதுவார். மாதக் கடைசியில் கணக்கு முடிப்பார். அந்தக் கணக்கு எங்கே போனது என்று தாத்தாவுக்குத் தெரியாது. அது தோட்டத்தை நிர்வகித்த ஏஜென்சி கம்பெனி வழியாக லண்டனுக்குப் போனது. ரப்பரை விற்றுக்கொடுத்த தரகர், கப்பலுக்கு இன்சூரன்ஸ் போட்டவர், கணக்கைத் தணிக்கை செய்தவர், பங்கு வாங்கி விற்றவர் எல்லாரும் அங்கேதான் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடியில் தந்திக் கம்பி போட்டது 1870-71-இல். இங்கே ரப்பர் மரம் தோட்டம் தோட்டமாக நடப்படுவதற்கு முன்பே கம்பி வந்துவிட்டது! அங்கே விலை இறங்கிய செய்தி கம்பியில் வந்தால், இங்கே கத்தி பிடித்தவர் வீட்டு அடுப்பில் அது தெரிந்தது.

அதாவது கணக்கு, தரகு, இன்சூரன்ஸ் என்று மேசை வேலைகள் கடல் தாண்டி நடப்பதற்கும், அதற்குக் கம்பி துணை நிற்பதற்கும் நாம்தான் பழைய சாட்சி. மேசையும் அதற்கான சம்பளமும் கம்பியின் அந்த முனையில் இருந்தன. இந்த முனையில் நம் கையில் பால்வாளி இருந்தது.

1981 செப்டம்பர் 7-ஆம் தேதி ஒரே காலைப் பொழுதில் லண்டன் பங்குச் சந்தையில் இங்கே தோட்டங்களை வைத்திருந்த கத்ரி நிறுவனத்தின் பங்குகளை வாங்கி, மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நாசியனல் அதைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. முதலாளி மாறினார். மேசை கோலாலம்பூருக்கு வந்தது. நம்மைப் போன்ற ஊர்களுக்கு வரவில்லை. 1996-இல் கணினித் தொழிலை வளர்க்கும் மல்டிமீடியா சூப்பர் காரிடர் திட்டம் வந்தது. உலகக் கம்பெனிகளின் பின்னணி வேலைகள் அதற்கென்று கட்டிய சைபர்ஜெயாவுக்கு வந்தன. சைபர்ஜெயாவும் அரசாங்க நகரமான புத்ராஜெயாவும் எழுந்தது தோட்ட நிலத்தில்தான். இன்று புத்ராஜெயா நிற்கும் இடத்தின் பழைய பெயர் பிராங் பெசார் தோட்டம். அங்கே பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள்.

சரி, இப்போது என்ன மாறியிருக்கிறது?

ரப்பர் ஷீட்டை மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றலாம். சந்தை முனையில் முடி வெட்டுபவரின் வேலையை அப்படி ஏற்ற முடியாது. செய்பவரும் பெறுபவரும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். நெடுங்காலம் எல்லாச் சேவைகளையும் அப்படித்தான் நினைத்தார்கள். கணக்குப்பிள்ளை கடைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் பில் கட்டு கடையில் இருக்கிறது. எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், ஏனென்றால் படம் அங்கே தொங்குகிறது. காகிதமும் படமும் குரலும் எண்களாக மாறியதும் இந்தக் கட்டு அவிழ்ந்தது. அமெரிக்காவில் நள்ளிரவில் எடுத்த எக்ஸ்ரேயை இந்தியாவில் பகலில் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறார்கள். ஒரே வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்கவும் முடிகிறது. ஆள் முகம் பார்த்துச் செய்ய வேண்டிய துண்டு அங்கேயே தங்கும். மற்றது எங்கே திறமையான ஆள் இருக்கிறாரோ அங்கே போகும். 1995-இல் நடைமுறைக்கு வந்த உலகச் சேவை வாணிப ஒப்பந்தத்தில், ஆள் நகராமல் சேவை மட்டும் எல்லை தாண்டுவதைத்தான் முதல் வகையாக எழுதியிருக்கிறார்கள். உலக வாணிப அமைப்பின் கணக்குப்படி 2022-இல் உலகச் சேவை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் கணினி வலை வழியாகவே போயிருக்கிறது.

என் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெர்த் பேக்கரிக்காரம்மா மாவு வாங்கிய ரசீதைக் கைப்பேசியில் படம் எடுக்கிறார். அது கணக்கு மென்பொருளுக்குள் போய் விழுகிறது. மென்பொருள் என் கணினியிலும் இல்லை, அவர் கணினியிலும் இல்லை, வேறெங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. இருவரும் ஒரே ஏட்டை ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கிறோம். வங்கிக் கணக்கு தானாக வந்து சேர்கிறது. நான் ஒன்றோடொன்று ஒத்துப்பார்க்கிறேன், ஊழியர்களுக்குச் சம்பளம் போடுகிறேன், நம் ஊழியர் சேமநிதி மாதிரி அங்கே இருக்கும் ஓய்வூதியப் பிடித்தத்தைச் சரிபார்க்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொருள் சேவை வரிப் படிவம் தயார் செய்கிறேன். தாக்கல் செய்வது அங்கே பதிவுபெற்ற முகவர். சட்டப்படி அது அவர் வேலை, அந்தத் துண்டு அங்கேயே தங்குகிறது.

இந்த வரியை எங்கே கற்றேன் தெரியுமா? நம் நாட்டிலேதான். 2015 ஏப்ரலில் 6 விழுக்காட்டு ஜி.எஸ்.டி. வந்தபோது ஈப்போவில் இரவு பகலாகப் படித்தோம். 2018 ஜூனில் அது பூஜ்ஜியமானது. அவ்வளவு படிப்பும் வீணாகிவிட்டதே என்று அன்று எனக்கு அழுகையே வந்தது. ஆஸ்திரேலியாவில் 2000 முதல் 10 விழுக்காட்டில் அதே மாதிரி வரி நடக்கிறது. இங்கே செத்த படிப்பு அங்கே எனக்குச் சோறு போடுகிறது.

இன்னொன்றும் நமக்குச் சாதகமாக அமைந்திருக்கிறது. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். ஐயாவுக்கு நினைவிருக்கும். அதனால் இன்று நம் நேரமும் பெர்த் நேரமும் ஒன்று. கால் செண்டர் என்றாலே இரவு முழுக்கக் கண்விழிப்பது என்று பயப்படும் பெற்றோருக்கு இதைச் சொல்கிறேன். நான் எட்டு மணிக்குப் பசியாறிவிட்டு உட்கார்கிறேன், ஐந்து மணிக்கு மூடுகிறேன். சிங்கப்பூர், ஹாங்காங், மணிலா எல்லாமே நம் நேரம்தான்.

கம்பியும் மாறியிருக்கிறது. முன்பு சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்குப் பழைய கடலடிக் கம்பி ஒன்றுதான் இருந்தது. அது அறுந்தால், நமக்குத் தெற்கே இருக்கும் ஊருக்குச் செய்தி அமெரிக்கா வரை சுற்றிப் போய்ச் சேரும். 2018-இல் சுமார் 4,600 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய கம்பி ஒன்று போட்டார்கள், அடுத்த வருடமே இன்னொன்றும் வந்தது. என் பிழைப்பு அந்தக் கடலடிக் கண்ணாடி நூலில்தான் தொங்குகிறது. நம் ஊரிலேயே ரயில் தண்டவாளத்தைப் பாருங்கள். தீபகற்பம் நெடுக அந்தப் பாதையை ஒட்டித்தான் கண்ணாடியிழைக் கம்பியைப் புதைத்திருக்கிறார்கள். உலகத்தின் கணக்கெல்லாம் நம் ஸ்டேஷனைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. இறங்குவதற்கு நம் ஊரில் ஓர் இடம் வேண்டும்.

வீட்டில் இருந்தே செய்யலாமே, மாடி எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் இடி. நம் பக்கத்து மாலை மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வருடத்தில் இரண்டு மோடம் எரிந்தது எனக்கு. ஒரு பிப்ரவரி 28, பெர்த்தில் வரிப்படிவத்துக்குக் கடைசி நாள். மதியம் இரண்டு மணிக்கு மின்சாரம் போனது, கூடவே இணையமும். மகனின் மோட்டாரில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்கு ஓடினேன். அன்று முடித்துவிட்டேன். ஆனால் அடுத்த முறை முடிப்பேனா என்று அந்தப் பேக்கரிக்காரம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நியாயம்தானே? மின்கலம் பொருத்திய பேக்அப், இடிதாங்கி, இரண்டு வேறு நிறுவனங்களின் இணைப்பு இதெல்லாம் ஒரு வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. பத்துப் பேர் சேர்ந்தால் முடியும்.

அடுத்தது நம்பிக்கை. பிறர் ஊழியர்களின் சம்பளமும் வங்கி எண்ணும் என் திரையில் இருக்கின்றன. பெரிய வாடிக்கையாளர் யாரும் சமையலறை மேசையில் அந்த வேலை நடப்பதை ஒப்புக்கொள்வதில்லை. உணவுக்கடை வைஃபையில் செய்வதை அறவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பூட்டுப் போட்ட அறை இருக்கிறதா, யார் யார் உள்ளே வருகிறார்கள், கணினியில் மற்றவர் கை வைக்க முடியுமா என்று படிவம் அனுப்பிக் கேட்கிறார்கள். போன வருடம் பல் மருத்துவமனைகள் நான்கின் கணக்கு ஒன்றாக வர இருந்தது. மூன்று பேருக்கு வேலை. அந்தப் படிவத்தில் உண்மையைத்தான் எழுதினேன். வேலை வேறு ஊருக்குப் போய்விட்டது.

மூன்றாவதாக, பிள்ளைகள். இதுதான் என்னை உறங்க விடாத விஷயம்.

எஸ்.பி.எம். (இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்த, டிப்ளோமா முடித்த நம் பிள்ளைகள் இருட்டோடு எழுந்து ஈப்போவுக்குப் போகிறார்கள். இல்லாவிட்டால் கோலாலம்பூரில் நான்கு பேர் ஒரு அறையில் தங்குகிறார்கள். குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்றால், வாடகையும் பயணமும் போக என்ன மிஞ்சும்? இதைவிடப் பயங்கரமான வழி ஒன்று இருக்கிறது. "வெளிநாட்டில் கஸ்டமர் சர்வீஸ் வேலை, தங்கும் இடம் இலவசம்" என்று கைப்பேசிக்கு வரும் விளம்பரத்தை நம்பிப் போய், கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய மலேசிய இளைஞர்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அடைத்து வைத்து, அடித்து, பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்ய வைக்கிறார்கள். எனக்குச் சோறு போடும் அதே கம்பிதான் அந்தக் கும்பல்களுக்கும் உதவுகிறது. ஊருக்குள்ளேயே ஓர் அறை இருந்தால், வந்திருக்கும் வேலை உண்மையா பொய்யா என்று பார்த்துச் சொல்ல நான்கு அனுபவசாலிகள் அங்கே உட்கார்ந்திருப்போம். தனியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு இன்று அப்படி யார் இருக்கிறார்கள்?

பொருளாளர் அக்கா போன மாதம் கோயிலில் என்னிடம் கேட்டார்: "இப்ப எல்லாத்தையும் ஏ.ஐ. செஞ்சிடுமாமே, இந்த வேலை எத்தனை நாளைக்கு?" அன்று கோயில் நெரிசலில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன், அக்கா. ரசீதைப் படித்துத் தட்டச்சு செய்யும் வேலை ஏற்கெனவே போய்விட்டது, மென்பொருளே படித்துக்கொள்கிறது. அந்த வேலைக்காக நான் யாரையும் பழக்க மாட்டேன். ஆனால் பட்டறைக்காரர் சொந்தக் காருக்கு டயர் மாற்றிவிட்டுக் கடைச் செலவில் எழுதினால், அது தவறு என்று கண்டுபிடித்து, அவர் மனம் நோகாமல் எடுத்துச் சொல்லி, சரியான இடத்தில் எழுத ஒரு ஆள் வேண்டும். அந்த வேலை எனக்குக் குறையவில்லை, கூடியிருக்கிறது. அதனால் பிள்ளைகளுக்கு விரல் வேகத்தைவிட வரிச் சட்டமும், பேச்சும், எழுத்தும் கற்றுக்கொடுக்க வேண்டும். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலாய் படித்து, ஆங்கிலத்தில் வேலை செய்யக்கூடியவர்கள். பல மொழி தெரிந்த ஆட்கள் கிடைக்கிறார்கள் என்றுதானே வெளிநாட்டுக் கம்பெனிகள் கோலாலம்பூருக்கே வருகின்றன?

குறை இல்லாத வேலை என்று நான் சொல்லவில்லை. இணையத்தில் கூலியைக் குறைத்துக் குறைத்து ஏலம் கேட்கும் இடங்கள் நிறைய உண்டு. அங்கே நம் பிள்ளை தனியாக நின்றால் பிழிந்துவிடுவார்கள். தனியாள் வேலைக்கு முதலாளி சேமநிதி கட்டுவதில்லை. சுயமாகக் கட்ட வழி இருக்கிறது, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிலும் சுயதொழில் செய்பவர்களுக்குத் திட்டம் இருக்கிறது. ஆனால் யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால் இருபது வயதில் யார் கட்டுவார்கள்? நான் முதல் இரண்டு வருடம் கட்டவில்லை. இதை எல்லாம் சேர்த்துப் பேரம் பேசவும், சேர்த்துக் கட்டவும் கூட்டுறவுச் சங்கத்தைவிடப் பொருத்தமான அமைப்பு எது?

இந்த இடத்தில் நம் சமூகத்தின் தலைவராக இருந்த துன் சம்பந்தனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1919-இல் இதே சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று, நம் மக்களைத் தெருவில் நிறுத்திக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மரம் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் தோட்டங்களையே வாங்கினார்கள். அதே ஆண்டுகளில் அவர் தபால், தொலைத்தொடர்புக்கும் அமைச்சராக இருந்தார். கூட்டுறவும் கம்பியும் ஒரே மனிதரின் கையில் இருந்த ஊர் இது. நம் சங்கத்தின் மாடியும் அப்படிச் சேர்த்த காசில் எழுந்ததுதான். அப்பா மாதா மாதம் பணம் கட்டிய சிவப்பு அட்டைப் புத்தகம் இன்னும் அம்மாவின் பெட்டியில் இருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். மாடியை இரண்டு வருடத்துக்கு எங்களிடம் கொடுங்கள். இலவசமாக வேண்டாம். முதல் ஆறு மாதம் பாதி வாடகை, அப்புறம் முழு வாடகை. பத்து மேசை, இரண்டு இணைப்பு, மின்கல பேக்அப், பூட்டுள்ள கதவு. மேசைக்கு மாதாமாதம் கட்டணம் வாங்குவோம். ஏற்கெனவே வெளிநாட்டு வேலை செய்யும் ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேர் கணக்கு, ஒருவர் கட்டட வரைபடம், ஒருவர் காணொளிகளுக்குத் தமிழில் வசன வரி போடுகிறார், மற்ற இருவர் சிங்கப்பூர்க் கடைகளின் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுகிறார்கள். மீதி நான்கு மேசை பழகும் பிள்ளைகளுக்கு. சனிக்கிழமைகளில் நான் வரிக்கணக்கு சொல்லித்தருகிறேன், அதற்குப் பணம் வாங்க மாட்டேன். இரண்டு வருடத்தில் வாடகை பாக்கி விழுந்தால் நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் குத்தகைக்கு விடலாம், நானே முன்வந்து கை தூக்குவேன்.

பறவைக்காரர் தரும் வாடகை இதைவிட அதிகமாக இருக்கலாம். மறைக்கவில்லை. ஆனால் ஒருமுறை ஜன்னலை அடைத்து, சுவரை ஈரமாக்கி, பறவை குடியேறிவிட்டால், அந்த மாடிக்குள் மனிதர்கள் திரும்ப உட்கார நெடுநாள் ஆகும். கீழ்த்தளத்து மளிகைக் கடைக்காரரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

செலவுக் கணக்கு முழுவதையும் தனித்தாளில் எழுதிச் செயலாளர் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். கம்பி இழுக்க முடியுமா, எந்தப் பக்கமாக இழுப்பது என்று பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஈப்போவிலிருந்து வர ஒப்புக்கொண்டிருக்கிறார். மாடிச் சாவி தலைவர் ஐயாவிடம் இருப்பதாக அம்மா சொன்னார். அன்று ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கதவைத் திறந்து காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் நீங்களும் மேலே வாருங்கள், ஐயா.

இப்படிக்கு,
உறுப்பினர் ஒருவரின் மகள்,
சுங்கை சிப்புட், பேராக்